கைராசிக்காரர்

ஏற்காட்டு பஜாரில் அவருடைய படத்தை மாட்டாத கடை எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அது கறிக்கடை. அந்தக் கடைக்காரரும் பக்தி குறைந்து மாட்டாமல் விடவில்லை. டாக்டர் சைவம், அவர் கண்ணெதிரே ஆட்டை உரிப்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டார். மற்றபடி பேக்கரியில் இருக்கிறார், ஜீப் ஸ்டாண்டில் இருக்கிறார், காப்பிக்கொட்டை வாங்கும் மண்டியில் லட்சுமிக்குப் பக்கத்தில் இருக்கிறார். வெள்ளிக்கிழமையானால் ஊதுபத்தி, சாமந்திச் சரம்.

அவர் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. நினைவு மலர் போடுகிறோம், நீங்கள்தான் அவரிடம் வெகுகாலம் வேலை பார்த்தவர், நான்கு வரி எழுதிக் கொடுங்கள் என்று பஜார்க்காரர்கள் வந்து கேட்டார்கள். செத்தவரைப் பற்றி நல்லது மட்டும்தான் பேச வேண்டுமாம். அந்த நாகரிகம் எனக்கு வராது. அதனால் மலருக்கு எதுவும் தரவில்லை. இதை எழுதுகிறேன்.

அவருடைய ஆஸ்பத்திரியில் நான் லேப்பில் இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். ரத்தம் எடுப்பது, சோதிப்பது, முடிவை டாக்டர் மேசையில் கொண்டுபோய் வைப்பது, இவைதான் என் வேலை. சில கட்டில்கள், ஒரு பிரசவ அறை, நீளமாக ஒரு வராந்தா, அதன் கோடியில் என் லேப். வாசலில் பெயர்ப்பலகை உண்டு. அதை யாரும் படித்ததாக எனக்கு நினைவில்லை. ‘கைராசிக்காரர் ஆஸ்பத்திரி’ என்று சொன்னால்தான் ஜீப்காரருக்கே விளங்கும்.

அவர் எதையும் கையிலிருந்துதான் தொடங்குவார். நோயாளி வந்து உட்கார்ந்ததும் பெயர் கேட்க மாட்டார், என்ன செய்கிறது என்று கேட்க மாட்டார். வலது புறங்கையை அவர்கள் கழுத்தின் பக்கவாட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் வராந்தாவில் இருமிக்கொண்டிருப்பவர்கள்கூட இருமலை அடக்கிக்கொள்வார்கள். பிறகு கண்ணைத் திறந்து, “உள்காய்ச்சல் சாமி, படுத்துக்கோ” என்பார். இல்லையென்றால், “சூடு இல்ல, ஊட்டுக்குப் போ கண்ணு” என்பார். அவர் வாயிலிருந்து அது வந்துவிட்டால் பாதி நோய் அங்கேயே இறங்கிவிட்டதாகச் சொல்வார்கள். அந்தக் கையில் எந்நேரமும் ஆரஞ்சுத் தோல் வாசனை அடிக்கும். ஜனங்கள் கொண்டுவந்து வைக்கும் பழங்களை உரித்து, வரிசையில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு சுளை கொடுப்பார்.

கைராசி என்று ஒன்று பிடித்துக்கொண்டால் எங்கள் ஜனம் சும்மா இருக்குமா? எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் புது நாற்றங்காலில் முதல் காப்பி விதையை அவர் கையால் ஊன்ற வைத்தார். புது ஜீப் எடுத்தவர் சாவியை அவர் கையில் கொடுத்து வாங்கிக்கொண்டார். அடை வைக்கிற முட்டைகளைக் கூடையோடு கொண்டுவந்த அம்மாவும் உண்டு. அவர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தொட்டுக் கொடுத்தார். பொரிந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கை நிறைய உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. வெறும் சளி என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் அப்பாவுக்கு வந்தது டைபாய்டு என்று கண்டுபிடித்தவர் அவர்தான். மழையில் ரோடு அறுத்துக்கொண்டு போன சமயத்தில், இடுப்பு வலி கண்ட ஒரு பெண்ணுக்காக எஸ்டேட் கூலியாட்கள் இருக்கும் லைன் வீடுகளுக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே போனார். ஒன்றும் தெரியாத ஆளாக இருந்தால் நானும் தூ என்று துப்பிவிட்டு மறந்திருப்பேன். தெரிந்த ஆள். அதுதான் வயிறு எரிகிறது.

இத்தனைக்கும் அவர் ஆரம்பத்தில் சோதனைகளுக்கு எதிரி இல்லை. ஒருமுறை சேலத்தில் டாக்டர்கள் கூட்டம் ஒன்றுக்குப் போய்விட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி திரும்பி வந்தார். நேரே லேப்புக்குத்தான் வந்தார். “கண்ணு, இனிமே சாதாக் காய்ச்சலா, ஆளைக் கொல்ற காய்ச்சலான்னு ரத்தமே சொல்லிரும்” என்றார்.

அவர் சொன்னது செப்சிஸ் பற்றி. ஒரு புண்ணிலோ சளியிலோ தொடங்குகிற கிருமித் தொற்றோடு சண்டை போடப்போய், உடம்பு தன்னையே அடித்து நொறுக்கிக்கொள்வது. ஆள் பார்க்கச் சாதாரணமாக இருக்கும்போதே உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். அதைக் காட்டிக்கொடுக்க ரத்தத்தில் சில அடையாளங்கள் உண்டு. லாக்டேட் என்பது ஒன்று. உறுப்புகள் ரத்தமும் காற்றும் போதாமல் தவிக்கத் தொடங்கினால் அது ஏறும். ஏற ஏற ஆபத்து. புரோகால்சிடோனின் என்பது இன்னொன்று. தொற்று பாக்டீரியாவால் வந்து பெரிதாகிக்கொண்டிருந்தால் அது ஏறும். இரண்டும் ஜோசியம் இல்லை. குறைவாக இருப்பதாலேயே ஆள் தப்பித்தார் என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஏறியிருந்தால், உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்க நேரமில்லை என்று அர்த்தம்.

அப்போது எங்களிடம் அதற்கு மிஷின் இல்லை. ரத்தம் சேலத்துக்குத்தான் போக வேண்டும், அதுவும் பஸ்ஸில். முதன்முதலில் நாங்கள் அனுப்பியது, தலைச்சோலைக் கிராமத்தில் பலா மரம் ஏறிக் காய் இறக்குகிற ஒரு பெரியவரின் ரத்தம். காய்ச்சலோடு வந்திருந்தார். டாக்டர் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, “இது சாதாக் காய்ச்சல்தான். இருந்தாலும் புதுசு ஒண்ணு கத்துக்கிட்டோமில்ல, அனுப்பிப் பாப்போம்” என்றார். டியூபை ஐஸுக்குள் வைத்து, ஃபிளாஸ்க்கில் அடைத்து, கண்டக்டர் கையில் கொடுத்து, ஐஸிலிருந்து எடுக்கவே கூடாது என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.

எங்கள் ஊர் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜினை மூடியிருக்கும் பானெட் இருக்கிறதே, அது மரியாதைக்குரிய இடம். சாமிக்குப் போகும் பூ, கல்யாணப் பத்திரிகைக் கட்டு, அங்கே உட்கார அனுமதி பெற்ற வயதானவர்கள், எல்லாம் அதன் மேல்தான். கண்டக்டர் நல்ல மனுஷர். வழியில் சில்வர் ஓக் மரம் ஒன்று ரோட்டின் குறுக்கே விழுந்து, பஸ் ஒரு கொண்டை ஊசி வளைவில் வெகுநேரம் நின்றுவிட்டது. ஃபிளாஸ்க்கில் ஐஸ் உருகித் தண்ணீர் கசிந்திருக்கிறது. டாக்டர் ஐயா கொடுத்த சாமான் நனைகிறதே என்று அவருக்குத் தாங்கவில்லை. டியூபை எடுத்துத் துடைத்து, தன் துண்டில் சுற்றி, பானெட் மேல் பூக்கூடைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டார். இதை அவரே பிற்பாடு என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

டியூபுக்குள் போன ரத்தம் செத்துப்போவதில்லை. அதிலுள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், லாக்டேட் ஊறிக்கொண்டே இருக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த இட்லி மாவு பொங்கிப் புளிக்கிற மாதிரிதான். சேலத்திலிருந்து வந்த லாக்டேட் எண் எகிறியிருந்தது, அதைப் பார்த்து டாக்டருக்கு வேர்த்துவிட்டது. தன் கை சொன்னதைத் தள்ளிவிட்டு எண்ணை நம்பினார். பெரியவரை ஆம்புலன்ஸில் ஏற்றி, சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே மறுபடி எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. சாதாக் காய்ச்சல்.

அந்த வாரம் மலையில் தேர்த் திருவிழா. முதல் வடம் பிடிப்பது அந்தப் பெரியவரின் குடும்ப உரிமை. அவரோ சேலத்தில் கையில் ஊசியோடு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வேறு யாரோ வடம் பிடித்தார்கள். திரும்பி வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. பஜாரில் இறங்கி நேரே ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்து, அத்தனை பேர் முன்னால் கேட்டார்: “ஏனுங்க டாக்டருங்க, உங்க கை பொய்யாப் போயிருச்சுங்களா?”

திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அந்தக் கேள்வி அவரைத் தைத்துவிட்டது. காது மடல் சிவந்துபோய், புறங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். அன்றைக்கு அவருக்கு அது ஆகிவிட்டது.

பானெட் கதையை நான் அவரிடம் விளக்கிச் சொன்னேன். ஒருமுறை இல்லை, பலமுறை. ரத்தத்தின் மேல் தப்பில்லைங்க, நாம அதைச் சூடு பண்ணிட்டோமுங்க என்றேன். பொறுமையாகக் கேட்டு, தலையை ஆட்டி, “ரத்தம் பொய் சொல்லும் கண்ணு, கை சொல்லாது” என்றார். அதற்குப் பிறகு அது அவருடைய பழமொழியாகிவிட்டது. ஜனங்களும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நினைவு மலரில் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அதைத்தான் போடப் போகிறார்களாம். போடட்டும்.

சில வருஷங்கள் கழித்து எங்களுக்கே ஒரு மிஷின் வந்தது. மலையில் பங்களா வாங்கிய ஒருவர் கொடுத்தது. மேசை மேல் அடங்குகிற சின்னப் பெட்டிதான். பஸ் வேண்டாம், ஐஸ் வேண்டாம். ஒரு சோதனைப் பட்டையைச் செருகிக் கொஞ்சம் ரத்தத்தை விட்டால், ஒரு காப்பி ஆறுவதற்குள் லாக்டேட் சொல்லிவிடும். வேறு பட்டையைச் செருகினால் கொஞ்சம் தாமதமாகப் புரோகால்சிடோனினும் சொல்லும். சேலத்துக்குப் போய் அதில் பழகிக்கொண்டு வந்தேன். டாக்டர் ரிப்பன் வெட்டினார், கைதட்டினார், நல்லா இருக்கட்டும் என்றார். மறுநாள் அவர் வீட்டிலிருந்து பூ வேலை செய்த துணி உறை ஒன்று வந்தது. மிஷினுக்குத் தூசு படாமல் இருக்கவாம்.

அதோடு சரி. வருஷத்துக்கு ஒருநாள் ஆயுத பூஜைக்கு உறையை எடுத்துச் சந்தனம், குங்குமம் வைத்துப் பொரி படைப்பார். மற்ற நாட்களில் அது உறைக்குள்ளேயே இருந்தது. ஒருநாளும் அவர் அந்தச் சோதனையை எழுதவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். அவர் சண்டைக்கே வர மாட்டார். நான் போய்க் கேட்டால், “பாக்கலாம் கண்ணு” என்று சொல்லி ஒரு சுளையை நீட்டுவார்.

எங்கள் மலையில் இன்னொரு வழக்கம் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போவது இங்கே ஊர்ப் பயணம். யாரும் நோயாளிக் கோலத்தில் பஜாருக்கு வர மாட்டார்கள். வெந்நீர் வைத்துக் குளிப்பார்கள், பெட்டியிலிருக்கும் நல்ல சேலையைக் கட்டுவார்கள், முகத்துக்கும் கழுத்துக்கும் பவுடர் பூசிக் கனகாம்பரம் வைத்துக்கொள்வார்கள். ஜீப்பில் குலுங்கித் தாங்க வேண்டுமே என்று, வழியில் பெட்டிக்கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். ஆகக்கூடி, இங்கே வந்து சேரும்போது காய்ச்சலைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார்கள். டாக்டருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். “என்ன சாமி, கல்யாணத்துக்கா வந்திருக்கறே?” என்று கேலி செய்வார். கேலி செய்துவிட்டு, அந்தப் பவுடர் பூசிய கழுத்திலேயே புறங்கையை வைப்பார்.

என் அக்காவும் அப்படித்தான் வந்தாள்.

அக்காவைத் தலைச்சோலையில் கட்டிக்கொடுத்திருந்தது. காப்பிப் பழம் பறிக்கிற வேலை. வெட்டிவிட்ட காப்பிச் செடியின் கட்டை ஒன்று உள்ளங்காலில் ஏறிவிட்டது. ரத்தம் நிற்கக் காப்பித்தூளை அள்ளி அப்பிக்கொண்டாள். காப்பி விளைகிற மலையில் வேறு எதை அப்புவாள்? இரண்டு நாள் குளிர் குளிர் என்று போர்த்திக்கொண்டு கிடந்திருக்கிறாள். பிறகு மாமா ஜீப் பிடித்துக் கூட்டிவந்தார். என் கல்யாணத்துக்கு எடுத்த மயில் கழுத்துச் சேலை, பவுடர், பூ. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். மூச்சு மட்டும் மலை ஏறி வந்தவளைப் போல வாங்கிக்கொண்டிருந்தது. “அம்மாகிட்டச் சொல்லி ஆட்டைப் புடிச்சுக் கட்டச் சொல்லு கண்ணு” என்றாள். அம்மா செத்து வெகுகாலம் ஆகிறது.

அவளுடைய முறை வந்தது. டாக்டர் புறங்கையை வைத்தார், கண்ணை மூடினார். வராந்தா அடங்கியது.

“சூடு இல்ல சாமி. பனிக்காத்துப் பட்டிருக்குது. நல்லாத் தூங்கு, செரியாப் போயிரும்.”

காலைக் காட்டச் சொன்னேன். எட்டிப் பார்த்தார். “காப்பித்தூள் வெச்சு அடைச்சிருக்கறா, மேல காஞ்சிருச்சு” என்றார். ஒரு ஊசி போட்டு, புண்ணைக் கழுவிக் கட்டுப் போட நர்ஸிடம் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அவர் எழுதாத சோதனையை நான் செய்தேன். அக்காவை லேப்புக்குள் இழுத்துப்போய், உறையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ரத்தம் எடுத்து மிஷினில் விட்டேன். லாக்டேட் இரண்டுக்குள் இருக்க வேண்டும். நாலைத் தாண்டினால் ஓட வேண்டும். அவளுக்கு ஆறு காட்டியது. மிஷின் தந்த சீட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அவர் அப்போதுதான் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, இதைக் கொஞ்சம் பாருங்க. மருந்து ஏத்திச் சேலத்துக்கு அனுப்பிரலாமுங்க.”

“இது என்ன, பஸ்ஸுல போயிட்டு வந்த ரத்தமா கண்ணு?”

வராந்தாவே சிரித்தது.

“இல்லீங்க, இப்பத்தான் எடுத்தேன். இன்னும் சூடு ஆறலீங்க.”

“உங்க அக்கா ஜீப்புல குலுங்கிட்டு வந்தாளில்ல, ரத்தம் பயந்திருக்கும்.”

மறுபடி சிரிப்பு. என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது, அக்காவும் அவர்களோடு சேர்ந்து சிரித்ததுதான். மூச்சு வாங்க, பூவைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள்.

“மருந்தாவது ஆரம்பிச்சிரலாமுங்க. பொய்யாப் போனாப் போகட்டுமுங்க.”

“எதுக்கெடுத்தாலும் பெரிய மருந்து குடுத்தா நாளைக்கு மருந்து கேக்காது கண்ணு. நான் கை வெச்சுப் பாத்துட்டேன்.” சொல்லிவிட்டு டம்ளரைச் சீட்டின் மேல் வைத்தார். படித்தே பார்க்கவில்லை. எண்ணின் மேல் டீ வட்டம் விழுந்தது.

நான் அக்காவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன், வா, நாம் சேலத்துக்குப் போகலாம் என்று. “அவரு கை வெச்சுச் சொன்னதுக்கப்புறம் நீ என்னடி? ஊரு சிரிக்கும்” என்றாள். மாமாவைக் கேட்டேன். “கைராசிக்காரரே சொல்லிட்டாரு. நீ மிஷினு வந்ததுல இருந்து நொம்பத்தான் பயப்படறே” என்று சொல்லி ஜீப்பில் ஏற்றினார். ஜீப் ஸ்டாண்டில் நின்று கத்தினேன். பஜாரே வேடிக்கை பார்த்தது. லேப்காரப் பொண்ணுக்கு டாக்டர் மேல் என்ன ஆங்காரம் என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் அக்காவைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இந்தமுறை பவுடர் இல்லை, பூ இல்லை. பி.பி. கருவியில் எதுவும் ஏறவில்லை. விரல் நுனி நீலம். அப்போது மட்டும் டாக்டர் ஓடினார். டிரிப்ஸ் போட்டார், ஆன்டிபயாடிக் ஏற்றினார், ஆம்புலன்ஸை அவரே கூப்பிட்டார். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நான் வண்டியில் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அவள் கை என் பக்கம் விழுந்தது. அடிவாரம் வரைக்கும்கூட அவள் வரவில்லை.

சாவுக்கு அவர் தலைச்சோலைக்கு நடந்தே வந்தார். ஜீப் இருந்தும் நடந்து வந்தார் என்று சொல்லிச் சொல்லி ஜனம் உருகியது. மாமாவின் தலையில் கை வைத்து, “நேரம் வந்திருச்சு சாமி, யாரு என்ன பண்ண முடியும்?” என்றார். மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கதறினார். பிறகு என்னிடம் வந்து, என் தலைக்கு நேரே கையைத் தூக்கினார். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். கை அந்தரத்தில் நின்றது. பெரியவர்களுக்கு மரியாதை தெரியவில்லை என்று என் சொந்தக்காரர்களே என்னைத் திட்டினார்கள். இழவு வீட்டில், என் அக்கா கிடக்கும்போது, திட்டு எனக்கு.

நேரமாவது, வந்ததாவது. நேரம் முந்தின நாளே ஆறு என்று எழுதி அவர் டம்ளருக்கு அடியில் கிடந்தது.

வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றியது. விடவில்லை. உறையை மட்டும் திரும்ப மாட்டவில்லை. காய்ச்சல் என்று யார் வந்தாலும் அவரைக் கேட்காமலே சோதித்து, சீட்டை மேசையில் வைக்காமல் அவர் சட்டைப் பையில் செருகினேன். பழமொழியை மட்டும் என் முன்னால் சொல்வதை நிறுத்திக்கொண்டார். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவருக்கு முட்டி தேய்ந்து வீட்டோடு இருக்க ஆரம்பித்தபோது புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்தார். அவரும் தொட்டுப் பார்ப்பார், மூச்சை எண்ணுவார், சிறுநீர் போகிறதா என்று கேட்பார், சீட்டையும் கையை நீட்டி வாங்கிக்கொள்வார். இதில் என்ன கௌரவம் குறைந்துவிட்டது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஒருநாள் காலையில் நான் லேப்பைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தபோது பெரிய டாக்டர் வந்தார். புது டாக்டரின் அறைக்குப் போகாமல் நேரே என்னிடம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, ஈரத்தோடு படிய வாரிய தலை. கழுத்து மடிப்பில் பவுடர் திட்டுத் திட்டாக அப்பியிருந்தது. ரத்தம் எடுக்கிற ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். ஒரு கணம் எனக்கு மயில் கழுத்துச் சேலை தெரிந்தது.

நான் போய் அவர் கழுத்தில் என் புறங்கையை வைத்தேன். வேண்டுமென்றேதான் வைத்தேன்.

“சூடு இல்லீங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கையை எடுக்கவில்லை.

“மாத்திரை போட்டுட்டு வந்தேன் கண்ணு” என்றார். சட்டைக் கையை அவரே சுருட்டினார். “ராத்திரியில இருந்து ஒண்ணுக்குச் செரியாப் போகல. குளுருது. மிஷின்ல பாத்துரு.”

பாத்துரு! எத்தனை லேசாக வந்தது அந்த வார்த்தை! என் அக்காவுக்கு வராத வார்த்தை. ஆனாலும் ஊசி சரியாகத்தான் போனது. அதில் நான் குறை வைக்க மாட்டேன். பட்டையைச் செருகி ரத்தத்தை விட்டேன். அவர் கழுத்தை எக்கி எக்கி மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு காட்டுது?”

“நாலரைங்க.”

மிஷினிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: “உங்க அக்காளுக்கு எவ்வளவு காட்டுச்சு?”

“ஆறுங்க. சீட்டுல இருந்துச்சுங்க.”

கண்ணை மூடிக்கொண்டார். புறங்கை மடியில் கிடந்தது. நான் நிற்கவில்லை, ஓடிப்போய்ப் புது டாக்டரைக் கூட்டிவந்தேன். டிரிப்ஸ் போட்டு, ஆன்டிபயாடிக் ஏற்றி, மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்து, அப்போதே சேலத்துக்கு அனுப்பினோம். மூத்திரப் பையிலிருந்து கிளம்பிய தொற்றாம். நேரத்தோடு வந்ததால் பிழைத்தார் என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். அவர் பிழைத்ததில் எனக்கு வருத்தமில்லை. என் அக்காவுக்குச் செய்யக் கேட்டதைத்தான் அவருக்குச் செய்தேன். அது வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தேன், அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் சொல்வார் என்று காத்திருந்தேன். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். பஜாரில் நின்று ஒரு வார்த்தை. காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு வந்து என்னை ஏமாற்றாதீர்கள், நானும் ஏமாந்திருக்கிறேன், ரத்தத்தைப் பாருங்கள் என்று. இந்த மலையில் அவர் சொன்னால் மரம்கூடக் கேட்கும்.

சொன்னார். ஜீப் ஸ்டாண்டில் சொன்னார், பேக்கரியில் சொன்னார், கோயிலில் சொன்னார். என்ன சொன்னார் தெரியுமா? “நம்ம லேப்புப் பொண்ணு ஊசி போட்டா, நான் பொழைச்சேன். அவளுக்கு நல்ல கைராசி.”

எல்லாம் தெரிந்து, எண்ணைக் கேட்டு, என் அக்காவின் எண்ணையும் கேட்டு, கடைசியில் அவர் வாயில் வந்தது அதுதான். அந்த ஒரு சொல்லால் மிஷினுக்கு அவர் மறுபடி உறை போட்டுவிட்டார். அதற்குப் பிறகு சில வருஷங்கள் சௌக்கியமாக இருந்து, தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

இப்போது ஜனங்கள் என்னிடம் வருகிறார்கள். குளித்து, பூ வைத்து, பவுடர் பூசி, மாத்திரை போட்டுக்கொண்டு வந்து, லேப் வாசலில் கையை நீட்டுகிறார்கள். முந்தாநாள் ஒரு பெண் வந்தாள். எஸ்டேட் லைன்காரி, விரலில் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தி பட்ட புண், அதன் மேல் காப்பித்தூள். பேசும்போது மூச்சு வாங்கியது. நான் ஊசியை எடுத்ததும் சிரித்துக்கொண்டே பின்னால் சாய்ந்தாள்.

“ரத்தமெல்லாம் எதுக்குங்க அக்கா? உங்க கை பட்டாலே போதுமுங்க. கைராசிங்கிறாங்களே.”

எனக்கு எங்கிருந்துதான் அந்தச் சத்தம் வந்ததோ, வராந்தாவில் இருமிக்கொண்டிருந்தவர்கள் இருமலை நிறுத்திவிட்டார்கள்.

“என் கையில ஒரு மண்ணும் இல்ல. மாத்திரை போட்டியா இல்லையா, அதைச் சொல்லு. போய் அந்தப் பவுடரைக் கழுவிட்டு வா!”

பயந்துபோய்க் குழாயடிக்குப் போனாள். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பியபோது உதடு வெளுத்திருந்தது. கையை நீட்டச் சொல்லி ரத்தம் எடுத்தேன்.